எலத்தகிரியில் கல்லறைத் திருநாள்

இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று ஓசூரிலிருந்து அம்மா, மனைவி, மகளோடு எலத்தகிரிக்குப் போய்வந்தோம். அம்மா பிறந்த ஊர். கல்லறைக்குப் பிள்ளைகள் எதற்கு என்று சிலர் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதைவிட, பெரியவர்கள் முழங்காலில் நிற்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு ஜெபம் படிகிறது.

சூளகிரி தாண்டியதும் ரோட்டோரம் கேழ்வரகுக் கொல்லைகள். நடுநடுவே சால் விட்டு அவரை போட்டிருந்தார்கள். கதிர் முற்றிச் சாய்ந்திருக்க, அவரை அப்போதுதான் பூவெடுத்திருந்தது. மகளை ஜன்னலோரம் உட்காரவைத்தது நல்லதாகப் போயிற்று.

கிருஷ்ணகிரியில் இறங்கி முதலில் பாத்திமா அன்னை திருத்தலம். 1917இல் போர்ச்சுகலின் பாத்திமாவில் மரியன்னையைக் கண்ட பிள்ளைகளைப் பற்றி மகளுக்கு ஆயிரம் கேள்வி. லூசியாவுக்கு அப்போது 10 வயது. பிரான்சிஸ்கோவும் ஜசிந்தாவும் அவளுடைய அத்தை பிள்ளைகள். மூவருமே ஆடு மேய்த்தவர்கள். தினமும் ஜெபமாலை சொல்லுங்கள் என்று அன்னை கேட்டது அந்தச் சின்னப் பிள்ளைகளிடம்தான் என்றதும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாகச் சொல்லி முடிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் சொல்லும் 'ஓ என் இயேசுவே' ஜெபமும் அந்த வருஷம் ஜூலை 13 அன்று அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டதே. "உமது இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ" என்ற வரியை அம்மா அன்று கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். காரணம் எனக்குத் தெரியும்.

அங்கிருந்து கந்திகுப்பம் வழியாக ஊருக்கு. பூசை முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த சனம் நிறைய. புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தியைப் பரப்பியிருந்தார்கள்.

இறந்தவர்களுக்காக வேண்டுவது நேற்று வந்த பழக்கமில்லை. போரில் மடிந்த தன் ஆட்களுக்காக யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே பணம் திரட்டி, பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பியதை விவிலியத்தில் மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். நவம்பர் 2 என்ற நாளைப் பிரான்சின் குளூனி மடத்து அதிபர் புனித ஓடிலோ சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் மடங்களில் தொடங்கிவைத்தார். பிறகு அது திருச்சபை முழுக்கப் பரவியது.

தாத்தா பாட்டி கல்லறைகளுக்குப் பக்கத்திலேயே பெரிய மாமாவின் கல்லறை. பாகப் பிரிவினையில் அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு நின்றுபோய், அவர் சாகும்வரை அது சரியாகவே இல்லை. அம்மா நேராக அங்கே போய் உட்கார்ந்தார். போன வருஷத்து மெழுகு கல்லில் காய்ந்து ஒட்டியிருந்ததைச் சாவியின் விளிம்பால் சுரண்டி எடுத்தார். முந்தானையால் பெயரைத் துடைத்தார். காற்றுக்கு மெழுகுவர்த்தி நிற்கவில்லை. கொட்டாங்குச்சியில் மண் போட்டு நட்டு, மகளைக் கை வைத்து மறைக்கச் சொன்னார்.

"யாரு பாட்டி இது?"

"எங்க அண்ணன்டி. என்னைத் தோள்ல தூக்கிட்டு இந்தக் கோயிலுக்கு வந்தவரு."

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அந்த வரிசைக்கு வந்தபோது அம்மாவின் பக்கத்தில் மாமாவின் மனைவியான அத்தையும் வந்து நின்றிருந்தார். "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என் மகள் அதைக் கண்ணால் பார்த்தது அங்கேதான். ஆன்மிக வளர்ச்சிக்கென்று நாங்கள் போகும் தியானங்கள் எல்லாம் இந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டால்தான் பலன் என்று நம்புகிறேன்.

"சாப்பிடாம போகக் கூடாதும்மா" என்று அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும். சாப்பிட்டுக்கொண்டே கிறிஸ்துமஸுக்கு யார் யார் வருவது, குடில் யார் வீட்டில் வைப்பது என்று அண்ணியும் நாத்தனாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் அத்தை வீட்டில்தான் என்று முடிவானது. இப்போது ராத்திரிக் குடும்ப ஜெபத்தில் தாத்தா, பாட்டி பெயர்களுக்கு அடுத்து மாமாவின் பெயரையும் மகளே சேர்த்துச் சொல்கிறாள்.