ஈசிஜி நார்மல், நான் நார்மல் இல்லை

நீண்டகால இயலாமைத் தொகை கேட்டு இன்சூரன்ஸில் நான் போட்ட கிளெய்மைத் தள்ளிவிட்டு வந்த கடிதத்தில் ஒரே காரணம்தான்: சமர்ப்பித்த ஈசிஜி இயல்பாக உள்ளது.

பொய் இல்லை. எனக்கு இருப்பது வந்து வந்து போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். வரும்போது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். நிமிஷத்துக்கு 350-க்கு மேல் மின்துடிப்பு தாறுமாறாகக் கிளம்பும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்துடிப்பைக் கடத்தும் ஏவி நோடு அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால்தான் ஆள் தாங்குகிறோம். அது அடங்கிய பிறகு ஈசிஜி எடுத்தால், அது பதிவாகும் பத்து விநாடியில் இதயம் வாத்தியார் வந்ததும் கைகட்டி உட்காரும் பையனாகிவிடும்.

நான் டவர் கிரேன் ஓட்டுகிறவன். மேலே கேபினில் தனி ஆள். தலைசுற்றினால் கொக்கியில் தொங்கும் லோடுக்குக் கீழே நிற்பவர்களுக்கும் ஆபத்து. படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அப்லேஷன் செய்துகொண்டேன். இந்த நோயைக் கிளறிவிடும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்துதான் வருகின்றன என்று 1998-இல் பிரான்சின் போர்டோவில் ஹைசகேர் குழு காட்டியது. அதன்பின் வந்த வழி இது: தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ஏற்றி, அந்த வாய்களைச் சுற்றித் தழும்பு வைத்து, மின்சாரம் தாண்டாமல் வேலி போடுகிறார்கள். தழும்பு ஆறும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் படபடப்பு திரும்பினால் மருத்துவர்கள் அதைத் தோல்வி என்று எண்ணுவதில்லை. இன்சூரன்ஸ் அதிகாரியோ, "சிகிச்சை முடிஞ்சாச்சே, எப்ப சார் வேலைக்குப் போறீங்க?" என்றார். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் நிற்கவில்லை. அதை முடிவு செய்வது வயது, பிரஷர், சர்க்கரை மாதிரியான பக்கவாத ஆபத்துகள். துடிப்பு சீரானதா என்பது மட்டுமல்ல. அந்த மாத்திரையோடு ஏணியில் தவறி விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யாரும் கேட்கவில்லை.

அப்பீலுக்கு டாக்டரிடம் போனேன். முதல் தடவை அவர் நோயின் பெயரை மட்டும் எழுதியிருந்தார். "டாக்டர், ஏணி ஏறலாமா, உயரத்தில தனியா உக்காரலாமா, ஒரு தடவை வந்துபோனா எத்தனை மணி நேரம் படுத்துக் கிடக்கேன், இதை எழுதிக் கொடுங்க" என்றேன்.

"அதெல்லாம் நீங்க சொன்னாத்தானேப்பா எனக்குத் தெரியும்!"

நியாயம்தான். நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: எத்தனை மணிக்கு வந்தது, என்ன செய்துகொண்டிருந்தேன், எதைப் பாதியில் விட்டேன். நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்த, துடிப்பைத் தொடர்ந்து கவனிக்கும் லூப் ரெக்கார்டர் கருவியின் பதிவோடு அந்த நேரங்களைப் பொருத்தி டாக்டர் கடிதம் எழுதினார். கிளெய்மைத் திருப்பி அனுப்பியவர்களே இந்த முறை ஒப்புக்கொண்டார்கள்.

பாலிசியை இன்னொரு தடவை படித்தபோதுதான் அடுத்த சங்கதி கண்ணில் பட்டது. பல குரூப் பாலிசிகளைப் போல இதிலும் முதல் இரண்டு வருஷம் 'உங்கள் வேலையைச் செய்ய முடியுமா' என்பது கேள்வி. அதற்குப் பிறகு 'எந்த வேலையாவது செய்ய முடியுமா' என்று மாறிவிடும். கிரேன் பேச்சு அப்போது எடுபடாது. அதனால் இப்போது நோட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வருவதையும் எழுதுகிறேன்: கணக்குப் பார்க்கும்போது வந்தது, எண்கள் ஓடவில்லை, எழுந்துபோய்ப் படுத்தேன், மத்தியானம் வரை.