பைப்பர் கப் மாடல்: இறக்கை முடிந்தது, காகிதமும் ஒட்டியாச்சு

பைப்பர் ஜே-3 கப் என்பது இரண்டு சீட் உள்ள பழைய அமெரிக்கக் குட்டி விமானம். ரப்பர் முறுக்கில் பறக்கும் அதன் மாடலில் இறக்கை வேலை ஒருவழியாக முடிந்தது. அசலில் 12-ல் ஒரு பங்கு. அசல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 10.74 மீட்டர், என்னுடையது 90 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு.

இந்த விமானம் எப்படி ஆயிரத்துச் சொச்சம் டாலருக்கு விற்றது என்பது ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) வெட்டும்போதுதான் புரிந்தது. கப்பின் இறக்கை அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலம். நுனி வளைவை விட்டால் ரிப் எல்லாம் ஒரே அளவு. தகட்டில் ஒரு அச்சு வெட்டி, பால்சா என்ற லேசான மரத் தகட்டின் மேல் வைத்து பிளேடை ஓட்டிக்கொண்டே போகலாம். நுனிப் பக்கம் குறுகும் இறக்கை என்றால் ஒவ்வொரு ரிப்புக்கும் தனி அச்சு. தொழிற்சாலைக்கும் இதே கணக்குதான். 1947 வரை ஏறக்குறைய 20,000 கப் செய்து தள்ளினார்கள்.

கப்பின் மூல வடிவம், சி. ஜி. டெய்லர் 1930-ல் வடிவமைத்த ஈ-2 விமானம். டெய்லரின் கம்பெனி நொடித்தபோது எண்ணெய்க் கிணறு வியாபாரி வில்லியம் பைப்பர் அதன் சொத்தை 761 டாலருக்கு எடுத்தார். 1937-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த பிராட்ஃபோர்டு தொழிற்சாலை எரிந்துபோக, அதே மாநிலத்தில் லாக் ஹேவன் ஊரில் மூடிக் கிடந்த பட்டு ஆலைக்குக் குடிபெயர்ந்தார்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்த சேலத்துக்காரனுக்கு இது பிடிக்காமல் போகுமா! ஆனால் விமானத்துக்குப் போர்த்தியது பட்டு இல்லை, பருத்தித் துணி. அதன்மேல் டோப் என்ற, காய்ந்தால் துணியை இறுக்கும் வார்னிஷ் பூசி விறைப்பாக்குவார்கள்.

நான் போர்த்தியது மெல்லிய டிஷ்யூ காகிதம். ஒட்டியது மரவள்ளி மாவுப் பசை. அதற்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. காய்ந்ததும் தண்ணீரைப் புகைபோலத் தெளித்தால் சுருக்கமெல்லாம் போய் விறைக்கிறது. டோப்புக்குப் பதில், தச்சர்கள் மரத்துக்குப் பூசும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், பாதிக்குப் பாதி தின்னர், சில துளி விளக்கெண்ணெய். எண்ணெய் விடாவிட்டால் காகிதம் நாளாக ஆக இன்னும் இறுகி இறக்கையையே முறுக்கிவிடும். காயும்வரை பலகையில் குண்டூசி குத்தி வைத்திருந்தேன்.

அடுத்தது எடைச் சமன். அசல் கப்பில் பெட்ரோல் டேங்க் மூக்குப் பக்கம். தனியாக ஓட்டுபவர் பின்சீட்டில் உட்கார்ந்தால்தான் சமன் சரியாக வரும். என் மாடலில் நேர்மாறு. ரப்பர் வால்வரை ஓடுவதால் பின்பாரம். மூக்கில் களிமண் அப்ப வேண்டும். டேங்க் மூடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிதான் அசலில் பெட்ரோல் அளவு காட்டுவது, அடியில் ஒரு கார்க் மிதவை. அதையும் குண்டூசியில் வைத்துவிட்டேன்.

“ஏற்காட்டுல விடலாம்ணா, சூப்பரா இருக்கும்” என்கிறான் பக்கத்து வீட்டுத் தம்பி. அங்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 14 சதவீதம் அளவுக்குக் குறைவு. அதே எடையைத் தூக்க வேகம் 7, 8 சதவீதம் கூட வேண்டும். அதைக்கூடச் சமாளிக்கலாம், பனிமூட்டம்தான் தொல்லை. ஈரம் ஏறினால் டிஷ்யூ தொய்ந்துவிடும். அதனால் முதலில் சேலத்தில், காற்று எழும்பாத விடிகாலையில், மைதானத்தில். ஏற்காடு என்றால் இன்னொரு கோட் லாக்கர் அடித்த பிறகு பார்க்கலாம்.