ஆறாம் தரத்துக்குப் போகும் பிள்ளையிடம் கேட்க வேண்டியவை

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறும் பாடசாலை அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகளும் வெளிவந்து, மகளுக்குப் புதிய பாடசாலை கிடைத்ததிலிருந்து எங்கள் வெள்ளவத்தை வீட்டில் பேச்செல்லாம் சீருடை, சப்பாத்து, பாடசாலை வான், ரியூசன் என்பவற்றைச் சுற்றியே இருந்தது. புறக்கோட்டைக்குப் போய்க் கொப்பி வாங்கி உறை போடுவதற்கு நாம் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கையாவது பிள்ளையின் மனத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பதை இந்த விடுமுறையில் நான் உறுதியாக நம்பத் தொடங்கினேன்.

ஐந்தாம் தரத்திலிருந்து ஆறாம் தரத்துக்குப் போவது பெரியவர்கள் நினைப்பதைவிடப் பெரிய மாற்றம். ஆரம்பப் பிரிவில் பெரும்பாலான பாடங்களைக் கற்பித்த வகுப்பாசிரியர் ஒருவரே பிள்ளையின் முகத்தைப் பார்த்து அன்றைய மனநிலையை அறிந்துகொள்வார். ஆறாம் தரத்திலோ மணி அடிக்க அடிக்கப் பாடத்துக்கொரு ஆசிரியர் வந்து போவார். நேற்றுவரை ஆரம்பப் பிரிவின் மூத்த பிள்ளையாக இருந்தவள், உயர்தரம் வரையுள்ள அக்காமார் நடமாடும் வளவில் திடீரென்று மிகச் சிறியவளாகிறாள். 2021இல் முதலாம் தரத்தில் சேர்ந்த கொழும்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. பெருந்தொற்றினால் அந்த ஆண்டின் பெரும்பகுதி பாடசாலைகள் மூடிக் கிடந்ததால், மாலை போட்டு வரவேற்கும் கால்கோள் விழாவின் கலகலப்போடு பள்ளி வாழ்க்கையைத் தொடங்கும் வாய்ப்பு அவர்களிற் பலருக்குக் கிடைக்கவில்லை. கைத்தொலைபேசித் திரையில்தான் எழுத்துகளைப் படித்தார்கள். முன்பின் தெரியாத பெரிய கூட்டத்துக்குள் நுழைவது அவர்களுக்கு ஒரு வகையில் இதுதான் முதல் தடவை.

"பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வதால் பயம் போவதில்லை. அதைப் பற்றிப் பேசும் வழிதான் அடைபடுகிறது. அதனால் கொப்பிகளுக்கு உறை போடும் வேளையில், கைகள் வேலையாக இருக்கும்போது, ஒவ்வொன்றாகக் கேட்டேன். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிடுபவள், பசைநாடாவை வெட்டிக்கொண்டே, "அம்மா, இடைவேளைக்கு நான் ஆரோட இருந்து சாப்பிடுறது?" என்று கேட்டாள். பிறகு மற்றவையும் வந்தன: மலசலகூடத்துத் தாழ்ப்பாள் இறுகிப்போனால் என்ன செய்வது, வான் வரப் பிந்தினால் எங்கே நிற்பது, ஒலிபெருக்கியில் சிங்களத்தில் அறிவித்தல் சொன்னால் எப்படி விளங்கிக்கொள்வது. கணிதத்தைப் பற்றியோ புள்ளிகளைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. நாங்கள் அவளுக்காகக் கவலைப்பட்ட எதுவும் அவளுடைய பட்டியலில் இருக்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் விடை காண முடியும் என்பதே பெரிய ஆறுதல். புதிய பாடசாலையில் தமிழ் மொழிமூல வகுப்புகளோடு சிங்கள மொழிமூல வகுப்புகளும் இருப்பதால், "எனக்கு விளங்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்பதைச் சிங்களத்தில் தயங்காமல் சொல்லப் பழகினோம். கீழ் மாடியில் இருக்கும் சிங்கள அன்ரி மாலை நேரங்களில் அவளோடு பேசிப் பழக்கியது பேருதவி. பதிவுக்குப் போன அன்று அனுமதி கேட்டு வகுப்பறை, தண்ணீர்க்குழாய், மலசலகூடம், வான் நிற்கும் படலை எல்லாவற்றையும் நடந்து பார்த்தோம். தாழ்ப்பாளை அவளே இழுத்துத் திறந்து பார்த்தாள். அதே வகுப்பில் சேரும் இன்னொரு பிள்ளையின் தாயோடு பேசி, இருவரையும் ஒரு மாலையில் கடற்கரையில் விளையாட விட்டோம். சாப்பிடத் துணை யார் என்ற கேள்விக்கு அங்கேயே பாதி விடை கிடைத்தது.

பழைய தோழிகளைப் பிரியும் துக்கத்தையும் நாம் சின்ன விடயமாக எண்ணக் கூடாது. விரும்பிய பாடசாலை கிடைத்த பிள்ளையும் அழலாம். அது நன்றிகெட்டதனம் அன்று. பழைய வகுப்பாசிரியருக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் என் மகள் புதிய புத்தகப் பையைத் திறந்தே பார்த்தாள்.

நித்திரை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 6 முதல் 12 வயதுவரையான பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதிகாலையில் வான் ஏற வேண்டிய பிள்ளையின் படுக்கை நேரத்தை விடுமுறை முடியும் முன்பே சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவருவது நல்லது.

உறவினர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டுக்கு வரும் மாமிமாரும் பெரியப்பாமாரும் அன்பினால்தான் "எத்தனை புள்ளி?" என்று கேட்கிறார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளையை ஓர் எண்ணால் அறிமுகப்படுத்துவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்ட பிள்ளைக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேலே வந்த பிள்ளையும் புதிய வகுப்பில் எல்லோரும் தன்னைப் போலவே புள்ளி பெற்றவர்கள் என்று கண்டதும் தடுமாறிப் போகிறது. எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு "பிள்ளை நல்லாப் படிக்கிறாள்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம்.

பாடசாலை தொடங்கிய பின் முதல் சில வாரங்கள் மாலையில் எரிச்சலும் அழுகையும் வருவது இயல்பு. நாள் முழுவதும் அடக்கி வைத்ததைப் பிள்ளை வீட்டில்தானே கொட்டும். ஆனால் ஞாயிறு இரவுகளில் வயிற்றுவலி, சாப்பாட்டில் வெறுப்பு, பாடசாலைக்குப் போக மறுப்பது என்று வாரக்கணக்கில் தொடர்ந்தால் வகுப்பாசிரியரையும், பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியரையும் நேரில் சந்தித்துப் பேச வேண்டும். அதற்கும் மேல் உதவி தேவையென்றால் பொரளையிலுள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். முதலாம் தவணை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.