பத்து ரூபாய்தானே

என் சித்தப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். கடைக்காரர் மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் நீட்டினால் சண்டைக்குப் போவார். அவரிடமிருந்துதான் 2022-ல் ஒரே ராத்திரியில் 48,000 ரூபாய் போனது.

சாயங்காலம் ஒரு எஸ்எம்எஸ். போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30-க்கு கரண்ட் கட், உடனே மின் அலுவலரைக் கூப்பிடவும் என்று ஒரு மொபைல் நம்பர். அந்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றிய மெசேஜ் இது. இப்போது படித்தால் எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. நமக்கு ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங்கே எடுக்கிறார்கள், போன மாத பில் எங்கிருந்து வந்தது? ராத்திரி ஒன்பதரைக்கு ஃபியூஸ் பிடுங்க எந்த லைன்மேன் வந்திருக்கிறார்? ஆனால் சித்தப்பா முந்தின நாள்தான் பில் கட்டியிருந்தார். கட்டினது ஏறவில்லையோ என்ற சந்தேகம் போதுமாக இருந்தது. கூப்பிட்டார்.

"பணம் வந்திருக்கு சார், சிஸ்டத்துல ஏறல. ஒரு ஆப் இறக்கி பத்து ரூபா மட்டும் கட்டுங்க, சரியாயிடும்."

பத்து ரூபாய்க்கு யார் யோசிப்பார்கள்? அவர்களுக்கு வேண்டியதும் அந்தப் பத்து ரூபாய் இல்லை. இறக்கச் சொன்னது நம் போன் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க வைக்கும் ஆப். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர்கள் நிஜமாகவே பயன்படுத்துவது, பிளே ஸ்டோரிலேயே இருக்கிறது, அதனால் இறக்கும்போது போன் தடுக்காது. (எனிடெஸ்க் என்ற இப்படியொரு ஆப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது, நம்மில் யார் படித்தோம்?) சித்தப்பா டெபிட் கார்டு நம்பரை அடிக்க அடிக்க அந்தப் பக்கம் ஒருவன் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். அப்புறம் வந்த ஓடிபியையும் அவனே பார்த்துக்கொண்டான்.

பணம் மூன்று தடவையாகப் போனது. கடைசித் தடவை நள்ளிரவு தாண்டி, ஏனென்றால் தேதி மாறினால் அன்றன்றைய லிமிட் புதிதாகத் தொடங்கும். முதல் தொகை போனதுமே அவருக்குத் தெரியும். வெட்கத்தில் சித்தியிடம்கூடச் சொல்லாமல் படுத்துவிட்டார். எனக்கு ஆறாதது இதுதான். 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, நம் கவனக்குறைவால் போன பணம் வங்கிக்குச் சொல்லும் வரை நம் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். அதாவது ராத்திரியே வங்கிக்குச் சொல்லியிருந்தால், அந்தக் கடைசித் தொகையாவது நம் தலையில் விழுந்திருக்காது. காலையில்தான் வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் கூப்பிட்டோம். பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிட்டது, 11,000 மட்டும் திரும்பி வந்தது.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றுதான்: மெசேஜில் வந்த நம்பரையும் லிங்கையும் தொடுவதே இல்லை. பில் பாக்கியா என்று மின்வாரிய ஆப்பிலேயே பார்ப்போம், வங்கி என்றால் கார்டின் பின்னால் உள்ள நம்பருக்குக் கூப்பிடுவோம். லிங்கைச் சோதித்துத்தான் ஆகவேண்டுமென்றால், தொடக்கத்தில் வரும் https://-ஐ விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) ஒட்டி முன்னால் இருப்பதைப் பாருங்கள், அதுதான் தளத்தின் நிஜப்பெயர். வங்கிகளின் தளங்கள் 2025 அக்டோபருக்குள் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதால் அவற்றைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சுலபம்.

போன வாரம் சித்தப்பாவின் வாட்ஸ்அப்புக்கு டிராஃபிக் அபராதம் என்று ஒரு ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தது. தொடாமல் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்கூட்டரை வித்து மூணு வருஷம் ஆச்சேடா, எதுல போய் சிக்னலத் தாண்டினேனாம்?"