பின்னிங் செய்த பக்கத்தை விடுவிக்கும் வரி

லினக்ஸில் ஒரு டிரைவரின் கோடைச் சரிபார்க்க உட்கார்ந்தால், பயனர் நினைவகத்தைப் பின்னிங் செய்யும், அதாவது அதன் பக்கங்கள் (நினைவகத்தின் சிறு துண்டுகள்) இடம் மாறாமல் பிடித்துவைக்கும் வரியைவிட அதை விடுவிக்கும் வரியைத்தான் முதலில் தேட வேண்டும். பிடிப்பது எல்லோருக்கும் சரியாகவே வரும். கோளாறெல்லாம் விடுவதில்தான்.

எம்லாக் (பக்கத்தை ரேமிலேயே வைக்கச் சொல்லும் அழைப்பு) போட்டாலே பக்கம் நகராது என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. எம்லாக் போட்ட பக்கம் வட்டிலுள்ள ஸ்வாப்புக்குப் போகாது, அவ்வளவுதான். கம்பேக்‌ஷன் (சிதறிய காலி இடத்தை ஒன்றுசேர்ப்பது) நடக்கும்போது கெர்னல் அதை வேறு ஃபிசிக்கல் முகவரிக்கு மாற்றிவிடலாம். பேஜ் டேபிள் (புரோகிராமின் முகவரியை ஃபிசிக்கல் முகவரியோடு இணைக்கும் அட்டவணை) திருத்தப்பட்டுவிடுவதால் புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் டிஎம்ஏ செய்யும் (சிபியு இல்லாமல் நினைவகத்தை நேரடியாகப் படித்து எழுதும்) சாதனத்திடம் இருப்பது பழைய முகவரி. அதனால்தான் சாதனத்துக்குப் பின்னிங் கட்டாயம்.

2020-இல் வந்த 5.6 கெர்னலுக்கு முன் பக்கத்தைப் பிடிக்க கெட்_யூசர்_பேஜஸ் மட்டுமே இருந்தது. அது பக்கத்தின் ரெஃப் கவுண்ட்டை (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை) ஒன்று கூட்டும். பிடித்திருப்பது சாதனமா, கெர்னலின் வேறு பகுதியா என்று எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. ஃபைல் சார்ந்த பக்கத்தை வட்டில் எழுதி (ரைட்பேக்) முடித்து, கோப்பு முறைமை தன் பஃபர்களைக் கழற்றிய பிறகு, டிரைவர் வந்து அதே பக்கத்தை ‘டர்ட்டி’ (மாறியது, வட்டில் எழுத வேண்டியது) என்று குறிக்கும். அதை எதிர்பார்க்காத இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை கெர்னலையே நிறுத்திய சம்பவங்கள் உண்டு.

பின்னிங்குக்கென்றே பின்_யூசர்_பேஜஸ் வந்த பிறகு தனிப் பக்கத்தின் ரெஃப் கவுண்ட்டில் ஒரு பின்னுக்கு 1024 கூடுகிறது. பல பக்கங்கள் சேர்ந்த பெரிய ஃபோலியோக்களுக்குத் தனி எண்ணியே இருக்கிறது. சாதாரணமாகவே 1024 பேர் பிடித்திருக்கும் பக்கமும் பின்னிங் ஆனதுபோல் தெரியும் என்பதால்தான் சோதிக்கும் ஃபங்‌ஷனின் பெயரில் ‘மேபி’ இருக்கிறது. இல்லாததை இருப்பதாகச் சொன்னாலும், இருப்பதை அது தவறவிடாது.

இந்த 1024-ஐ மனதில் வைத்தால் பெரும்பாலான கசிவுகள் விளங்கிவிடும். பின்னிங் செய்த பக்கத்தைப் பழைய பழக்கத்தில் புட்_பேஜ் கொண்டு விட்டால் கழிவது ஒன்றுதான். மீதி 1023 அப்படியே நிற்கும், பக்கம் ரீபூட் வரை திரும்பாது. அன்பின்_யூசர்_பேஜ் மட்டுமே இதற்கு ஜோடி. அடுத்தது, 16 பக்கம் கேட்டு 11 கிடைக்கும் நிலை. அது எர்ரர் கோடாக வராது, 11 என்றே திரும்பும். பலர் எர்ரர் பாதைக்குத் தாவி அந்த 11-ஐ மறந்துவிடுகிறார்கள். பக்கக் கணக்கும் கவனம்: பக்கம் 4096 பைட் என்றால், அதே அளவு பஃபர் ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கினால் 2 பக்கம் வேண்டும்.

எவ்வளவு நேரம் பிடிக்கப்போகிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். டைரக்ட் ஐஓ (கெர்னலின் கேஷைத் தாண்டி நேரடியாகப் படிப்பது, எழுதுவது) போலச் சட்டென்று முடிவதற்குத் தனிக் கொடி தேவையில்லை. ஆர்டிஎம்ஏ (நெட்வொர்க் வழி டிஎம்ஏ), விஎஃப்ஐஓ (சாதனத்தை நேரடியாகப் பயனர் புரோகிராமிடம் கொடுப்பது) போல விடும் நேரம் பயனர் கையில் இருந்தால் ஃபோல்_லாங்டெர்ம் கொடி கட்டாயம். அப்போதுதான் மூவபிள் ஸோனிலும் (நகர்த்தக்கூடிய பக்கங்களுக்கான பகுதி) சிஎம்ஏவிலும் (தொடர்ச்சியான பெரிய இடம் தர ஒதுக்கிய பகுதி) இருக்கும் பக்கங்களை வெளியே நகர்த்திவிட்டுப் பின்னிங் நடக்கும். கொடியைப் போடாமல் விட்டால் உங்கள் டிரைவர் நன்றாகவே ஓடும். சிஎம்ஏவை நம்பியிருக்கும் கேமரா டிரைவருக்குத்தான் ‘பிஸி’ என்று வரும். இதில் தாட்சண்யமே காட்டக்கூடாது: பழியை அடுத்தவர் சுமக்கும் பிழை இது. 6.5 முதல், எஸ்எச்மெம் (பகிர்வு நினைவகம்), ஹியூஜ்டிஎல்பி (பெரிய பக்கங்கள்) தவிர்த்த ஃபைல் மேப்பிங்கில் எழுதுவதற்கான நீண்டகாலப் பின்னிங்கைக் கெர்னலே மறுக்கிறது.

மெம்லாக் வரம்பையும் (ஒரு புரோகிராம் பூட்டிவைக்கக்கூடிய நினைவகத்தின் அளவு) டிரைவர்தான் பார்க்க வேண்டும், பின்_யூசர்_பேஜஸ் பார்ப்பதில்லை. 5.16-இல் அதன் இயல்பு அளவு 64 கேபியிலிருந்து 8 எம்பி ஆனது.

விடும்போது வரிசை மாறக்கூடாது: சாதனத்தை நிறுத்துவது, டிஎம்ஏ அன்மேப் (சாதனத்துக்குக் கொடுத்த முகவரி இணைப்பை நீக்குவது), அதன் பிறகே அன்பின். சாதனம் எழுதியிருந்தால் டர்ட்டி குறியோடு விடும் வகை. டிஎம்ஏ நடுவில் புரோகிராமை கில் -9 கொடுத்துக் கொன்று, விஎம்ஸ்டேட்டில் (கெர்னலின் நினைவகப் புள்ளிவிவரம்) பின் எடுத்த, விட்ட எண்ணிக்கைகளின் வித்தியாசம் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே பேட்சை அனுப்பலாம்.