அனலைதீவில் பிறந்து எழுவைதீவில் வாழ்க்கைப்பட்டவள்

யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஊர் எது என்று கேட்பார்கள். சொல்லி முடிக்க முதலே "ஓ, தீவாரோ?" என்று கதையை மூடிவிடுவார்கள். எந்தத் தீவு என்பது அவர்களுக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை. நான் பிறந்தது அனலைதீவு, வாழ்க்கைப்பட்டது எழுவைதீவு.

ஊர்காவற்றுறையில் படகேறினால் முதலில் எழுவைதீவு, அப்புறம் அனலைதீவு. நடுவில் சின்னத் துண்டுக் கடல்தான். ஆனால் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, பலமாக அடிக்கிற நாளில் அதுவே வயிற்றைக் கலக்கிவிடும். அனலைதீவு கிட்டத்தட்ட 5 சதுர கிலோமீற்றர். எழுவைதீவு அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒல்லாந்தர் அனலைதீவுக்கு வைத்த பேர் ரொட்டர்டாம். ஐயனார் கோயிலடியில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இரண்டுமே தட்டையான சுண்ணக்கல் தரை. மாரி மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் பாலாடை மாதிரித் தங்கும். கிணற்றில் நாங்கள் அள்ளுவது அந்த ஆடையைத்தான். தீவு அகலமானால் ஆடையும் தடிப்பு. அனலைதீவில் நெல்லும் புகையிலையும் விளைவது அதனால்தான். அப்பா தேங்காய்ப் பொச்சு மூட்டிப் புகையிலைக்குப் புகை போடுகிற நாட்களில் என் பள்ளிக்கூடச் சட்டை வரை அந்த மணம் வரும். எழுவைதீவில் பனையும் கடலும்தான் சோறு போட்டன.

கலியாணமான புதிதில், பிறந்த வீட்டுப் பழக்கத்தில், கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி உடுப்புத் தோய்த்தேன். மாமி வந்து கயிற்றைப் பிடித்தார்.

"பிள்ளை, இது அனலைதீவுக் கிணறு இல்லை. கெதியா இறைச்சா உவர் ஏறிடும். கொஞ்சம் விட்டு விட்டு அள்ளு."

ஆவணியில்தான் விளங்கியது. தேத்தண்ணியிலேயே உப்புக் கரித்தது.

போர்க்காலத்தில் இரண்டு ஊரிலிருந்தும் சனம் வெளிக்கிட்டுப் போனது. என் கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் இப்போது ரொறன்ரோவில். இங்கே அவர்களின் வீடுகள் பூட்டியபடி நிற்கின்றன. கிணறுகளை இறைக்க ஆளில்லை.

அம்மா வீட்டுக்குப் படகேறும்போதெல்லாம் மாமி இரண்டு வெறும் கான்களைக் கையில் தருவார். "உங்கட வீட்டுத் தண்ணிதான் தேத்தண்ணிக்குச் சரி" என்பார். வேறு எதற்காகவும் அவர் என் ஊரைப் புகழ்ந்ததில்லை.