உபதேசியார் தம்பதிகளுக்குத் தியானமா? முதலில் சாவியை வாங்குங்கள்

உபதேசியார் தம்பதிகளுக்கு 'வார இறுதித் தியானம்' (ஜெபமும் உரையுமாக நடக்கும் கூடுகை) என்று நோட்டீஸ் அடித்துவிடுகிறார்கள். கத்தோலிக்கக் கிராமக் கோவிலைக் கவனிக்கும் ஊழியரான உபதேசியாருக்கு ஏது வார இறுதி? ஞாயிறுதான் அவருக்கு முழு வேலை நாள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிளைக் கிராமங்களில் சாமி (பங்குக் குரு) வர முடியாத நாளில் மணி அடிப்பது, ஜெபம் சொல்வது, மைக் செட் போடுவது எல்லாமே அவர்தான். "எனக்குப் பதிலா ஆள் சொல்லிட்டேன் சாமி" என்பார். ஆனாலும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஊரிலிருந்து போன் வரும். கோவில் சாவி அவர் சட்டைப் பையில், ஜெபமாலையோடு சிக்கிக் கிடக்கும். பேர் கொடுக்கும்போதே, சாவி யார் கையில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பல நாடுகளில் இதே தியானம் நிரந்தரத் திருத்தொண்டர்களுக்கும் (குருவாகாமல் அந்தப் பட்டத்திலேயே பணி செய்பவர்கள்) அவர்கள் மனைவியருக்கும் நடக்கிறது. அந்த நிலையை மீட்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிவிட்டது. 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிமுறை தந்தார். மணமானவருக்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1031. நம் பக்கம் திருத்தொண்டர் என்றால் பெரும்பாலும் குருப்பட்டத்துக்குக் காத்திருக்கும் தம்பிதான். ஊர் வேலை உபதேசியார் தலையில். அவர் வீட்டம்மாவிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? பீடத்துணி துவைப்பதும், சொல்லாமல் வரும் சாமிக்குச் சோறு வடிப்பதும் அவர்தான். அதனால் முதல் அமர்வு அவருடையது.

கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்கார வைத்தால் நடக்காது. "உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டால், "அவளுக்கு ஒரு குறையும் இல்ல சாமி" என்று பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். தியானம் நடக்கும் செட்டிநாட்டு வீட்டில், ஆண்களை முன்பக்கத்துப் பட்டாலையில் விட்டுவிட்டு, பெண்களை உள்ளே இரண்டாம் கட்டுக்கு அழைத்துப் போங்கள். பிறகு பத்து நிமிஷம், ஒருவருக்கொருவர் கடிதம். பேனாவைக் கொடுத்ததும் உபதேசியார், "கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரியே" என்று தொடங்குவார். பழக்கதோஷம். வேத வசனம் கூடாது, போன வாரம் வீட்டில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அந்தம்மா நாலே வரியில் முடிப்பார்: கோவில் கரண்ட் பில் தேதி நினைவிருக்கு, வீட்டு கேஸ் தீர்ந்தது நினைவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உரை வைப்பது வீண். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையின் குளிர்ச்சியில், கவுனி அரிசி இனிப்பும் சாப்பிட்டவர் கண் திறக்க மாட்டார். இரண்டு மணிக்கு வளவை (தூண்கள் சூழ்ந்த முற்றம்) சுற்றி நடந்தபடி, இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைக்கும் தூண்கள் இருக்கின்றன.

நாலு மணி டீக்கு வெள்ளைப் பணியாரம் என்று யாராவது ஆசை காட்டினால் கணக்குப் போடுங்கள். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து, ஊறவைத்து ஆட்டுவது சுலபம். ஆனால் எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாகத்தான் ஊற்ற வேண்டும். நாற்பது பேருக்கு ஆளுக்கு மூன்று, ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்றால் ஒரே சட்டியில் இரண்டு மணி நேரம். மூன்று அடுப்பு வையுங்கள், அல்லது சுண்டலோடு நிறுத்துங்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் (குருவிடம் தனியாகப் பாவத்தை அறிக்கையிடுவது) இதே கணக்குதான். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் ஒரு சாமிக்கு மூன்று மணி இருபது நிமிஷம். இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், இருவரும் வெளிப்பங்காக இருக்கட்டும். சம்பளம் தரும் சாமியிடம் யார் வாய் திறப்பார்? பெண்களை முதலில் அனுப்புங்கள். தாமதித்தால் சமையல்கட்டில் போய் உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிட்டால், "இந்த வெங்காயத்தை மட்டும் உரிச்சுப் போட்டுட்டு வந்துர்றேன் சாமி" என்பார்கள்.